ஆறாவது ஓட்டு

காரைக்காலில் ஒரு கல்லூரியில் நான் வரலாறு நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் ஒரு பகுதி உண்டு: சுதந்திரம் என்று பழங்காலத்தவர் எதைச் சொன்னார்கள், நாம் எதைச் சொல்கிறோம். முன்பெல்லாம் அதை நடத்த எனக்கு அப்படியொரு குஷி. பழைய கிரேக்க நகரத்துக் குடிமகன் சதுக்கத்தில் நின்று கை தூக்கினான், சண்டையா சமாதானமா என்று அவனே முடிவெடுத்தான். ஆனால் அதே சதுக்கம் நினைத்தால் பானைச் சில்லில் அவன் பெயரைக் கீறி ஊரைவிட்டே துரத்திவிடும். நமக்குச் சதுக்கம் இல்லை, ஓட்டுப் போட ஒரு அட்டை மறைப்பு இருக்கிறது. அதற்குள் போனால் ராஜாவாலும் எட்டிப் பார்க்க முடியாது. வெளியே வந்தால் ஐந்து வருடத்துக்கு நம்மை ஒரு நாயும் சீந்தாது. இப்படிப் பேசிக் கைதட்டல் வாங்குவேன். குடவோலை இருந்ததே சார் என்று வருடத்துக்கு ஒரு பையனாவது எழுந்திருப்பான். அந்தக் குடத்துக்குள் யார் பெயரெல்லாம் போக முடிந்தது என்று பார்த்துவிட்டு வா என்று உட்கார வைப்பேன். பெரிய மேதாவி என்று நினைப்பு.

இப்போதெல்லாம் அந்தப் பகுதியைக் குறிப்பாகக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன். அதற்குக் காரணம் ஒரு நாடாளுமன்றத் தேர்தல்.

அந்தத் தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை. வரிச்சிக்குடி தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். முதல் நாள் சாயங்காலம் மெஷினோடு போய் இறங்கும்போதே பள்ளிக்கூடத்து வாசலில் கறுப்புக்கொடி. தேர்தல் புறக்கணிப்பு. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு அலுத்துப்போய்விட்டார்கள். மழைக்காலத்தில் செத்தவர்களை வயல் சேற்றில் இறங்கித்தான் தூக்கிப் போக வேண்டும். மனுவை வாங்கப் பஞ்சாயத்துத் தலைவர்கூட இல்லை, உள்ளாட்சித் தேர்தலையே மறந்துபோன ஊர்கள் எங்களுடையவை. அதனால் கோயில் வாசலில் கூடியிருக்கிறார்கள். எப்போதும் இல்லாத வழக்கமாகப் பெண்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரும் கை தூக்கி, ஒருத்தரும் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவாகிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் வந்தது. நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட சதுக்கம் உயிரோடு வந்து நிற்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். அவர்கள் ரௌடிகள் இல்லை. உங்கள்மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை சார் என்று சொல்லி, எங்களுக்குச் சமைத்துப்போட ஒரு அம்மாவையும் ஏற்பாடு செய்தார்கள். ஐம்பது வயதிருக்கும், கணவரை இழந்தவர். காலையில் டீ கொண்டுவந்தபோது அவருடைய இடதுகை ஆள்காட்டி விரலில் வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. என்னம்மா என்றேன். அருவாமணை வெட்டிவிட்டது என்றார்.

விடிந்ததும் மாதிரி வாக்குப்பதிவுக்கு ஏஜெண்டுகள்கூட வரவில்லை. நாங்களே பட்டனை அமுக்கி, நாங்களே எண்ணி, நாங்களே அழித்தோம். ஏழு மணிக்கு ஆரம்பித்தது. எட்டு, ஒன்பது, பத்து. ஒரு ஈ காக்காய் வரவில்லை. ஊர் ஆண்கள் நூறு மீட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எங்களைப் பார்க்க, நாங்கள் அவர்களைப் பார்க்க, மின்விசிறி வேறு ஓடவில்லை. வெளியே போக எனக்கு அனுமதி இல்லை, உள்ளே வர அவர்களுக்கு மனமில்லை. பதினொரு மணிக்கே எனக்கு மூச்சு முட்டியது. நாங்கள் நாலு பேர், ஒரு போலீஸ்காரர். குட்டி குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு, ஐந்தாம் வாய்ப்பாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

மதியம் அந்த அம்மா சோறு கொண்டுவந்து பரிமாறினார். சாம்பார், கத்திரிக்காய், பொரித்த அப்பளம். ருசி பிரமாதம். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு விரலில் இருந்த துணியை அவிழ்த்தார். விரலில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதுல மைய வச்சுட்டு மறுபடியும் துணியச் சுத்திக்குவேன் சார். நான் ஓட்டுப் போடலாங்களா?"

முந்தானை முடிச்சில் வாக்காளர் அட்டை இருந்தது. நேற்றே யோசித்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, அருவாமணை என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறார். நான் அசந்துபோனேன். ஏம்மா, கூட்டத்தில் நீங்கள் கை தூக்கவில்லையா என்று கேட்டேன்.

"தூக்குனேன் சார். எங்க வீட்டுக்காரர இடுப்பளவு சேத்துலதான் தூக்கிட்டுப் போனாங்க. அந்தப் பாதை எனக்கும்தான் வேணும்." பிறகு சொன்னார்: "ஆனா கல்யாணம் ஆனதுலேருந்து மாமனார் சொன்ன சின்னம், அப்புறம் வீட்டுக்காரர் சொன்ன சின்னம். அவர் போனதுக்கப்புறம் இதான் மொத எலெக்‌ஷன். இந்த வாட்டி நானே யோசிச்சு வச்சிருக்கேன்."

சட்டப்படி நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: போடுங்கம்மா. அதை விட்டுவிட்டு, வாத்தியார் புத்தி, விளக்க ஆரம்பித்தேன். ஓட்டு எண்ணும்போது சாவடி வாரியாகத்தான் எண்ணுவார்கள். இந்தச் சாவடியில் ஒரே ஒரு ஓட்டு விழுந்தால் யாருக்கு விழுந்தது என்று பேப்பரிலேயே வரும். இன்றைக்கு இந்தப் படி ஏறிய ஊர்க்காரர் நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் போட்டதும் தெரியும், யாருக்குப் போட்டீர்கள் என்பதும் தெரியும். ஒற்றை ஓட்டுக்கு ரகசியம் கிடையாதம்மா என்றேன்.

அவர் தலையைக் குனிந்து யோசித்தார். எங்களை ஒவ்வொருவராக எண்ணினார்.

"நீங்க அஞ்சு பேரும் இங்கயே போடலாம்னு சொல்லுவாங்களே சார். நீங்க போட்டீங்கன்னா என்னுது ஆறாவதா அதுக்குள்ள மறைஞ்சுடும்ல?"

எப்படித்தான் தெரிந்து வைத்திருந்தாரோ. உண்மைதான். எங்கள் யூனியன் பிரதேசம் முழுக்க நாடாளுமன்றத்துக்கு ஒரே தொகுதி என்பதால், பணியில் இருப்பவர்கள் அந்தச் சாவடியிலேயே போடச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். என்னுடையது சட்டைப் பையில், நாலாக மடித்து. மற்றவர்களிடமும் இருந்தது. காலையிலேயே பேசி, ஊரோடு நமக்கென்ன வம்பு, வண்டி இந்த வழியாகத்தானே திரும்ப வேண்டும், நாமும் போட வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கூட்டம்தான், அதில் நானும் கை தூக்கியிருக்கிறேன்.

மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே தலைமை அலுவலர். நான் முதலில் எழுந்து அந்த மறைப்புக்குள் போயிருந்தால் அவர்களும் வந்திருப்பார்கள், எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக வேப்பமரத்தடி தெரிந்தது. எட்டு ஊர் கேட்கப் பேசுகிற என் வாயிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"எங்களுக்கு அந்தச் சான்றிதழ் வரலைம்மா."

அவர் கண் என் சட்டைப் பைக்குப் போனதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியவில்லை. மெல்லிய சட்டை, உள்ளே மடித்த காகிதம். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்து, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து மறுபடியும் விரலில் சுற்றிக்கொண்டார். காயம் என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டதே, இன்னும் நாலு நாளாவது சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனார்.

ஆறு மணிக்கு மெஷினை மூடினேன். மொத்தம் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டி வந்தது. பெட்டிகளைத் தூக்கி வைக்க ஊர்க்காரர்களே கைகொடுத்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க, ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார். அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாம் போலிருந்தது. சிரித்து வைத்தேன்.

அந்த அம்மா, சாயங்கால டீயைக் கொடுத்தனுப்பியிருந்த தூக்குப்பாத்திரத்தைத் திரும்ப வாங்க வண்டியருகே வந்தார். சாப்பாடு நன்றாக இருந்ததம்மா என்றேன். அவர் துணி சுற்றிய கையால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னார்:

"அடுத்த எலெக்‌ஷனுக்கு வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க சார்."