மகனுக்கு ஜாமின் கெடைக்காத அன்னிக்கு

அடுத்தவங்க வீட்டுக் கதைன்னா ஒங்களுக்கு அவ்ளோ ருசியா? சரி, சப்புக்கொட்டாம கேளுங்க.

என் மகன் பாராங் கத்தியால பொண்டாட்டிய வெட்டிட்டான். அவ பொழைச்சதே பெரிசு. போலீஸ் அவனப் புடிச்சிட்டுப் போச்சு. நான் ஆஸ்பத்திரியில இருந்து மருமகளை நேரா சுங்கை பினாங்ல எங்க வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். அவளுக்கு வேற யாரு இருக்கா?

கோர்ட்டுல ஜாமின் கேக்குற அன்னிக்கு, என் கொழுந்தன் என்னைப் பட்டுச்சேலை கட்டவச்சுக் காடியில முன்சீட்டுல ஏத்துனாரு.

"அண்ணி, பெத்தவ ஜாமின் நின்னாதான் மரியாதை. ஒங்க வீட்டுலயே இருப்பான்னு சொல்லிருங்க."

அதே வீட்டுலதானே வெட்டுப்பட்ட அந்தப் புள்ள படுத்திருக்கு!

நீதிபதி மலாய்க்காரம்மா. அவங்க கேட்டத ஒரு பொண்ணு தமிழ்ல சொல்லுச்சு: "பாட்டி, மகனை அடக்கி வச்சுக்குவீங்களா?"

கூண்டுல இருந்து மகன் என்னையே பாத்தான். பசிச்சா சின்னதுல அப்படித்தான் பாப்பான். நான் நீதிபதி பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"என் பேச்சைக் கேக்குறவனா இருந்தா அங்க ஏம்மா நிக்கிறான்? வெளிய விட்டா அவளை முடிச்சிருவான்"னேன்.

ஜாமின் கெடையாதுன்னுட்டாங்க. நான் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டேன். அழுவுறேன்னு நெனச்சாங்க. கொஞ்சம் அழுதேன்தான். ஆனா அப்பத்தான்லா எனக்கு மூச்சே வந்துச்சு.

வீட்டுக்கு வந்தா, "ஐயோ, ஜாமின் கெடைக்கலையாமே அக்கா?"ன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கூடிட்டாங்க.

"ஆமாலா, அவனுக்கு கவர்மெண்டு சோறு புடிச்சுப்போச்சாம். சத்தம் போடாதீங்க, என் மருமக இன்னிக்குத்தான் கதவைத் தொறந்து போட்டுத் தூங்குறா"ன்னேன்.