தீப்பெட்டிக்குள் ஒரு பச்சை வண்டு

ஜெர்மனியில் பீலெஃபெல்ட் பக்கம் வசிக்கும் ஈழத்துத் தோழி யோகராணி அக்கா வீட்டு வைரவர் பொங்கல் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு சனிக்கிழமை நடக்கும். மூன்று வருடமாகக் கூப்பிடுகிறார். மூன்று வருடமாக நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த முறை, "வராட்டி இனி உம்மோடை கதைக்க மாட்டன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கிளம்பிவிட்டேன்.

பிராங்பேர்ட்டில் காலை 6.20க்கு ரயில். காஸலிலும் பாடர்போர்னிலும் மாற வேண்டும், மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதிவேக ரயில் இரண்டு மணி நேரம் மிச்சப்படுத்தும். ஆனால் கடைசி நேரத்தில் அதன் விலையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. டொய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு கையில் இருந்தால் சாதாரண ரயில்களுக்குத் தனியாகப் பணம் இல்லை. என் செலவு, காஸல் நிலையத்தில் குடித்த சுமாரான காபிக்கு 3.80 யூரோ மட்டுமே.

பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது என்று ஜெர்மன்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இருக்கிறது, நான் இறங்கினேன். அங்கிருந்து பேருந்தில் 25 நிமிடம், பிறகு 700 மீட்டர் நடை. நிறுத்தத்தில் ஒரு சுவரொட்டி. பளபளவென்று ஒரு பச்சை வண்டின் பெரிய படம். ஆஷ் மரத்தைக் கொல்லும் வண்டு, ரஷ்யா, உக்ரைன் வழியாக மேற்கே பரவி வருகிறது, ஜெர்மனிக்குள் இன்னும் வரவில்லை, கண்டால் சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று ரசித்துவிட்டு நடையைக் கட்டினேன். என் மூளை அவ்வளவுதான்.

அக்கா வீட்டுத் தோட்டத்தில் நிற்பது அதே ஆஷ் மரம்தான். இங்கே எஷெ என்பார்கள். பதினோரு வருடம் முன்பு அவர் கணவர் சிவம் அண்ணைக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது அக்கா நேர்ந்துகொண்டு, அந்த மரத்தடியில் ஒரு கல்லில் சூலம் நட்டார். அண்ணை பிழைத்தார். அன்றிலிருந்து அந்த இடம் வைரவருக்கு. நான் போனபோது அண்ணைதான் அடுப்படியில் வைரவருக்குச் சாத்தும் வடைமாலைக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

மரத்தை ஒட்டிய ரோஜாச் செடியில் ஒரு பச்சை வண்டு மின்னியது. எனக்குக் கை சும்மா இருக்குமா? திருநெல்வேலியில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வளர்த்த கை இது. பூசைத் தட்டில் இருந்த தீப்பெட்டியை எடுத்து, குச்சிகளைக் கைப்பையில் கொட்டிவிட்டு, வண்டை ஓர் இலையோடு உள்ளே வைத்தேன். பெருமையாக அக்காவிடம் நீட்டினேன்.

அக்காவின் முகம் செத்துப்போனது. "இதெல்லே உந்த பஸ் நிக்கிற இடத்தில படம் போட்டுக் கிடக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தோம். மரத்தின் உச்சிக் கிளைகள் காய்ந்திருந்தன. அந்த வண்டுதான் என்றால் மரத்தை வெட்டுவார்கள், சுற்றியுள்ளவற்றையும் விட மாட்டார்கள்.

"ராதிகா, ஆரும் பாக்கேல்லைத்தானே? திறந்து விடும். பொங்கல் முடியட்டும்" என்றார் அக்கா மெதுவாக.

பொய் சொல்வானேன், நானும் பெட்டியைத் திறக்கத் தயாராகத்தான் இருந்தேன். அடுப்படி வாசலில் நின்ற அண்ணைதான் சொன்னார்: "இது அடுத்த வீட்டு மரத்துக்குத்தானே போகும். மற்றாக்களின்ரை மரத்தைச் சாகவிட்டிட்டு வைரவருக்கு என்னெண்டு பொங்கிறது?"

அக்கா சூலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே போனை எடுத்து, அடுத்த தெருவில் இருக்கும் வன அலுவலரை அழைத்தார்.

அந்த அம்மா கால் மணி நேரத்தில் சைக்கிளில் வந்தார். பெட்டியைத் திறந்தவர் சிரித்துவிட்டார். இது ரோஜா வண்டு, உள்ளூர்க்காரன், மரத்தை ஒன்றும் செய்யாது என்றார். தேடப்படும் ஆள் ஒல்லி, இரண்டு அரிசியை வரிசையாக வைத்த நீளம்தான் இருப்பானாம். நம் ஆள் நல்ல குண்டு. இருந்தாலும் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அந்த வண்டு வெளியேறும் பாதி வட்டத் துளைகள் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. உச்சி காய்ந்தது இங்கே பல வருடமாக எஷெ மரங்களுக்கு வரும் பூஞ்சை நோயால். காய்ந்த கிளைகளை வெட்டினால் போதும், மரம் இப்போதைக்கு நிற்கலாம் என்றார். அக்கா அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதார்.

அலுவலர் அதோடு விட்டாரா? ரோஜா வண்டு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், பிடிக்கக் கூடாது, யார் பிடித்தது என்று கேட்டார். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். சிரிப்போடு ஒரு கண்டிப்பு வாங்கிக்கொண்டேன். வண்டு அக்காவின் தோளில் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டுப் பறந்தது.

நாலு மணிக்கு வைக்க வேண்டிய பொங்கல் 4.40க்குத்தான் அடுப்பேறியது. காரணம் வண்டு இல்லை. வீடு முழுக்கத் தீக்குச்சி தேடினார்கள், அது என் கைப்பையில் இருந்தது. வன அலுவலர் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். வடைமாலையிலிருந்து மட்டும் ஆறு வடை.

இந்தப் பயணத்தில் என் மனதில் நிற்பது, அக்கா சூலத்தைப் பார்த்து நின்ற அந்த ஒரு நிமிடம்தான். எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்று தெரியவில்லை. ஜூனில் இந்தப் பக்கம் வருபவர்கள் பச்சை வண்டைப் பார்த்தால் கை வைக்காமல் படம் எடுத்து, அந்த ஊர் வனத்துறைக்கோ பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். பொங்கவோ இறைச்சி சுடவோ விறகு வேண்டுமானால் போகும் ஊரிலேயே வாங்குங்கள், அந்த வண்டு விறகுக்குள் ஒளிந்துதான் தூரப் பயணம் போகிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான், சனிக்கிழமை இரவே திரும்புவது நல்லது.

போன வாரம் அக்கா ஒரு படம் அனுப்பினார். உச்சியில் முடி வெட்டிக்கொண்டு மரம் பச்சையாக நிற்கிறது. கூடவே ஒரு குரல் பதிவு: "மரம் நிக்குது, வைரவரும் நிக்கிறார். அடுத்த வருசம் வரேக்கை கைப்பையைத் திறந்து காட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கை வரலாம், சொல்லிப்போட்டன்."