ஆற்றங்கரையில் விட்ட சப்பாத்து

லண்டனுக்கு வருமுன் பிரான்சில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்து உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே ஒரே தமிழன் நான்தான். ஞாயிறுகளில் பக்கத்து வீட்டு மார்செல் கிழவரோடு தூண்டில் போடுவேன். மீன்களுக்கு என் திறமை தெரியும், அதனால் அவற்றுக்குப் பயமில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து, இனி லண்டன் போகலாம் என்றானதும், அங்கே இல்ஃபோர்ட்டிலிருந்து அண்ணை போன் கார்ட் போட்டுக் கூப்பிட்டார். "இஞ்ச வந்து சேருமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கண் பட்டிடும்."

"ஓம் அண்ணை," என்றேன். கண்ணூறுக்குப் பயந்த வீரன், சாமான்களையும் விட்டுவிட்டு, ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து ஒரு பையோடு பஸ் ஏறினேன்.

இரண்டு வருசம் கழித்துக் கிழவரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்த மார்செல் நெஞ்சில் சிலுவை போட்டார்.

"என்ன, பேயைக் கண்டீங்களோ?" என்று பகிடி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் என் பழைய சப்பாத்துகளைக் கொண்டுவந்தார். தூண்டில் போட்ட கரையில் கழற்றிவிட்டு மறந்துபோனவை. இப்போது பொலிஷ் போட்டு மினுங்கின.

"இதைக் கண்டுதான் ஊரே மூன்று நாள் உன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆற்றில் தேடியது," என்றார். "நாலாம் நாள் நான் தனியாக இறங்கினேன். ஏன் சொல்லவில்லை?"

கண்ணூறு என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதா? குனிந்து சப்பாத்துகளை வாங்கிக்கொண்டேன்.

இப்போது இல்ஃபோர்ட்டில் பால் வாங்கப் போனாலும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். என்னை லூசு என்றே நினைக்கிறார்கள், பரவாயில்லை. குளிக்கையில் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் மட்டும், மேலேயிருந்து யாரோ என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.