பதினோரு அத்தியாயம் வாளைத் தொடாதவன்

நான் எழுதிய ஒரே நாவலில் ஒரு மந்திரவாதி உண்டு. ஒரு வாள் உண்டு. அந்த வாளைத் தொடவே மாட்டேன் என்று பதினோரு அத்தியாயம் அடம்பிடிக்கிற எருமைக்காரன் ஒருவனும் உண்டு. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்குக் கிளார்க் வேலை. பகலில் இலை எடை எழுதுவேன், சாயங்காலம் மாயாஜாலம் எழுதுவேன். இரண்டிலும் அடித்தல் திருத்தல் நிறைய.

என் வீரன் நன்றாகப் பேசுவான். வாளை எடு என்று ஊரே வந்து கும்பிட்டால், போர் எதற்கு என்று மூன்று பக்கம் பேசுவான். இளவரசி வந்து அழுதால், நான் யார் என்று நான்கு பக்கம். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. கோவையில் சின்னதாய்ப் பதிப்பகம் நடத்துகிற ஒருவர் போடுகிறேன் என்றார். ஒரு நாள் போனில் கூப்பிட்டார்.

"அட்டைக்கு ஓவியர் வெக்கறதுக்கெல்லாம் வசதி இல்லீங்க. நீங்களே ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருங்க. வாளோட ஒரு ஆம்பளை நின்னாப் போதும்."

ஆம்பளைக்கு எங்கே போவேன்? அட்டைப்படத்துக்கு என் கணவர் சரிப்பட மாட்டார். காலில் அட்டை ஏறினாலே என்னைக் கூப்பிடுகிறவர் அவர். எஸ்டேட்டில் வீரனுக்குரிய உடம்பு ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது: பேக்டரி லாரி ஓட்டுகிற டிரைவர். ஆறடி உயரம், கதவு மாதிரி தோள், இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிற மீசை.

"ஏனுங்க டிரைவர், ஒரு போட்டோவுக்கு நிக்கறீங்களா? கையில வாள் குடுப்பேன்" என்றேன்.

"எனக்கு டயர் மாத்தற வேலை இருக்குங்க மேடம்" என்று போய்விட்டார். மறுநாள் கேட்டால் பல்வலி. அதற்கு மறுநாள் என்னைப் பார்த்ததும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கடைசியில் அவர் மனைவியிடம் சொன்னேன். அவர் எங்கள் எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர்.

"இவரு வாளைப் புடிச்சு நிக்கறதப் பாக்க லீவு போட்டாச்சும் வாரேன் அக்கா" என்றார். காரியம் முடிந்தது.

வாளைக் கோவையில் ஒரு நாடகச் சாமான் கடையில் வாடகைக்குப் பிடித்தேன். அம்மா வீட்டுக்குப் போயிருந்த நான், லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய எங்கள் பேக்டரி லாரியிலேயே ஏறிக்கொண்டேன். மரத்தில் செய்து வெள்ளிப் பெயிண்ட் அடித்த வாள். மழையில் பெயிண்ட் போய்விடும் என்று கடைக்காரர் பாலிதீன் கவரால் சுற்றிக் கொடுத்திருந்தார். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை. அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் ஒரு பெண் நிறுத்தினார்.

"பிளாஸ்டிக் இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றார் டிரைவர்.

"மேடம் மடியில இருக்கறது என்னங்க?"

"வாளுங்க" என்றேன்.

"அது தெரியுதுங்க. மேல சுத்தியிருக்கறது?"

கவரைப் பிரித்துத் தொட்டியில் போட்டார். காலடியில் உருண்டுகொண்டிருந்த தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். வாளைத் திருப்பி என் மடியிலேயே வைத்துவிட்டு, "அடுத்த தடவை துணிப்பை கொண்டாங்க" என்றார். இப்படியாக, ஓட்டைக் கதவு வழியே மழை அடிக்கிற லாரியில், அம்மணமான வாளோடு நீலகிரிக்குள் நுழைந்தோம். குன்னூர் வருவதற்குள் பெயிண்டில் பாதி என் புடவைக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துக்கு மேலே ஒரு பாறையில் டிரைவரை ஏற்றி நிறுத்தினேன். லாரித் தார்ப்பாயை முதுகில் போர்த்தியதும் ராஜ அங்கி மாதிரிதான் இருந்தது. ஆனால் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் கழற்ற மாட்டேன் என்றார்.

"குளுருதுங்க மேடம்."

"வீரனுக்குக் குளிராதுங்க."

"எனக்குக் குளுருதே."

கீழே நின்ற மனைவி, "மூஞ்சிய எதுக்கு அப்படி வச்சிருக்கீங்க? வயிறு சரியில்லாதவன் மாதிரி இருக்கு" என்று கத்தினார். அதற்குள் மூடுபனி வந்து ஆளையே மறைத்துவிட்டது. பனி விலகுகிறவரை மூன்று பேரும் பாறையில் உட்கார்ந்தோம். மனைவி பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த டீயை ஊற்றிக் கொடுத்தார்.

"நம்மாளு எப்பங்க மேடம் வாளை எடுக்கறான்?" என்று டிரைவர் கேட்டார்.

"பன்னெண்டாவது அத்தியாயத்துல."

"அது வரைக்கும் என்ன பண்றான்?"

"எடுக்க மாட்டேன்னு பேசறான்."

"பதினோரு அத்தியாயமாவா?" டிரைவர் டீயை இறக்கி வைத்தார். "பயந்தவன் பேச மாட்டாங்க மேடம். எங்கியாச்சும் போய் ஒளிஞ்சுக்குவான்."

அப்புறம் தன் கதையைச் சொன்னார். ஒரு பெருமழையில் ரோட்டில் பாதி சரிந்து கிடந்தபோது, தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம். ஜீப்பை எடுக்க ஆள் வேண்டும் என்று எல்லோரும் இவரைத் தேடியிருக்கிறார்கள்.

"எங்க போனீங்க?"

"கக்கூஸ்ல போய் உக்காந்துக்கிட்டேங்க. முக்கா மணி நேரம். கூப்பிட்டாங்க, கூப்பிட்டாங்க, மூச்சே விடலை."

"அப்புறம் எப்படி மனசு மாறுச்சு?"

"மனசெல்லாம் மாறலீங்க. கதவுல தாழ்ப்பாள் சரியில்லை. இவ ஒரு தள்ளு தள்ளிட்டா."

மனைவி கூச்சமே இல்லாமல் தலையாட்டினார். "பேன்ட்டை ஏத்திக்கிட்டே போய் ஜீப்புல ஏறினாரு அக்கா. அவளக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்தாரு."

"கொழந்தை?"

"இப்ப அஞ்சாவது படிக்குது. என்னைப் பாத்தா நாக்கைத் துருத்தும்" என்றார் டிரைவர்.

பனி விலகியதும் எட்டுப் பத்துப் படம் எடுத்தேன். என் கவனம் அதில் இல்லை. நான் அழுது அழுது எழுதிய மூன்று பக்கப் பேச்சும் நான்கு பக்கப் பேச்சும் திடீரென்று நாறின. அன்று சாயங்காலமே உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் பதினோரு அத்தியாயம் ஐந்தானது. என் வீரன் தொழுவத்தில் எருமைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டான். அவனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்துவர அவன் அக்காவை உண்டாக்கினேன். அவள் வந்த பிறகுதான் நாவலில் யாரோ உயிரோடு இருக்கிற மாதிரித் தோன்றியது.

பதிப்பாளர் பதறினார். "ஹீரோ சாணியில படுத்திருக்கறதெல்லாம் வாசகருங்க ஒத்துக்குவாங்களா?"

"அவனே ஒத்துக்கலீங்க. நாத்தம் தாங்காமத்தான் வெளிய வரான்" என்றேன். ஏதோ முணுமுணுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

ஆனால் பழி தீர்த்துக்கொண்டார். புத்தகக் கட்டைப் பிரித்தால், அட்டையில் கம்ப்யூட்டர் வரைந்த யாரோ ஒரு வெள்ளைக்காரன் சட்டையில்லாமல் பனிமலையில் நின்றான். அவன் வயிற்றில் இருந்த கட்டங்களில் தாயம் ஆடலாம். ஸ்வெட்டர் போட்ட வீரனை உலகத்தில் எவன் வாங்குவான் என்று போனில் என்னையே கேட்டார்.

டிரைவரிடம் ஒரு பிரதியைக் கொடுக்கும்போது அவரைப் பார்க்க எனக்கு முகமே இல்லை. அவர் அட்டையைப் பார்த்து, "தப்பிச்சேங்க மேடம்" என்றார். நிஜமாகவே நிம்மதியாக இருந்தார். மனைவிக்குத்தான் கோபம். தன் கணவர் படத்தை ஒரு வாரம் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். எஸ்டேட் முழுக்கப் பார்த்துச் சிரித்தது.

நாவலைப் படித்ததும் அந்த மனைவிதான். ஒரு மாதம் கழித்து இலையைத் தராசில் வைத்துவிட்டு, நான் எடை எழுதி முடிக்கிறவரை நின்றார்.

"அக்கா, மந்திரவாதி செத்துப் போனானே, அவன் பொண்டாட்டி என்ன ஆனா?"

"அவனுக்கேது பொண்டாட்டி?"

"நாலாவது அத்தியாயத்துல ஒருத்தி வந்து தண்ணி குடுத்துட்டுப் போறாளே. இடுப்புல ஒரு கொழந்தைகூட இருந்துச்சே."

எனக்கு நினைவே இல்லை. அன்று மாலை வீட்டில் புரட்டிப் பார்த்தேன். இருந்தாள், ஒரே ஒரு வரியில். மறுநாள் அவரிடம் போய், அவளைச் சுத்தமாக மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"ஜெயிச்சவன் ஊட்டுல சமைக்கப் போயிருப்பா" என்று சொல்லிவிட்டு, இலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார்.