வெர்னாவின் ஜன்னல்

எங்கள் மலைப் பூங்காவின் வனக்காவலர் நிலையத்துக்கு அரசாங்கம் போன வருடம் வரலாற்றுச் சின்னம் என்று பட்டம் கொடுத்தது. முழு மரங்களை அடுக்கிக் கட்டிய இரண்டு அறைதான். அதன் வரலாறு 1931-இல் தொடங்கி 1941-இல் முடிந்துவிட்டதாம். பட்டத்தோடு வந்த கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆர்வல் ட்வைட் அங்கே காவலராக இருந்தது அதற்கப்புறம், இருபத்தாறு வருடம். ஆகவே அவர் அங்கே இருந்ததாகவே ஆகாது.

அவர் மனைவி வெர்னாவும்தான். குளிர்காலத்தில் ஆர்வல் பனிச்சறுக்கில் ரோந்து போனால் திரும்ப நான்கு நாளாகும். அவர் வரும் கணவாய்ப் பக்கம் வெறும் சுவர்.

"நீ வர்றியா, செத்துட்டியான்னு கதவத் தொறந்து தொறந்து பாத்தே அடுப்புச் சூடெல்லாம் போகுது ஆர்வல். ஒண்ணு ஜன்னல் வை, இல்ல சீக்கிரம் செத்துத் தொலை" என்றாள் வெர்னா.

ஆர்வல் ஜன்னல் வைத்தார். அதன் அடிச்சட்டத்தில் அவள் முழங்கைகள் இரண்டு பள்ளம் போட்டன. அவள் இறந்து மூன்று வருடமாகிறது.

டென்வரிலிருந்து மிஸ் விட்லாக் என்ற அதிகாரி வந்தார். ஜன்னல் 1958-இல் வைத்தது, எடுத்துவிட வேண்டும் என்றார். ஓய்வுபெற்றிருந்த ஆர்வல் தன் ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றார்.

"இருந்துட்டுப் போகட்டுமே மேடம். யாருக்கு என்ன இடைஞ்சல்?"

"புரியுது மிஸ்டர் ட்வைட். ஆனா அது நிஜமான பகுதி இல்லையே."

"நிஜமில்லாத ஜன்னல் வழியாவா இத்தனை வருஷம் குளிர் வந்துச்சு?"

மிஸ் விட்லாக் சிரித்தார். நல்ல பெண்தான். வெளியூர்க் கம்பெனி இயந்திர ரம்பத்தோடு வரும், அரை நாளில் முடிந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார்.

ஆர்வல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அவங்க வேணாம். நானே எடுத்துடறேன்."

பதினொரு நாள். இடிந்த குதிரைக் கொட்டிலிலிருந்து அதே காலத்து மரங்களைக் கொண்டுவந்து பொருத்தினார். வெட்டிய முனைகளில் இரும்பு ஊறிய வினிகரைப் பூசிப் பழைய மரம்போலச் சாம்பல் நிறமாக்கினார். கூலியாக அந்த அடிச்சட்டத்தை மட்டும் கேட்டார். அது வரலாற்றுப் பொருள் இல்லை, எனவே அருங்காட்சியகத்துக்குப் போகாது. அரசாங்கச் சொத்து, எனவே ஆர்வலுக்கும் போகாது. அடுப்புக்குப் போயிற்று.

திறப்பு நாளில் நானும் கேக் தின்றுகொண்டு நின்றேன். மிஸ் விட்லாக் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அற்புதம்! எந்த எடம்னே தெரியலையே?"

ஆர்வல் உள்ளங்கையை வைத்துத் தேடினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கொஞ்சம் கீழே.

"எனக்கும் தெரியல மேடம்."

மிஸ் விட்லாக் அதைப் பாராட்டாகவே குறித்துக்கொண்டார். நாங்களெல்லாம் காருக்குத் திரும்பியபோதும் ஆர்வலின் கை சுவரில்தான் இருந்தது.