ஜமீனின் முளைக்காத பல்

போன மாதம் எங்கள் வீட்டு நாய் பதினைந்து நாள் மூன்று பவுன் செயின் போட்டுக்கொண்டு திரிந்தது.

பெயர் ஜமீன். பக் வகை. ஆறு வயது. முகத்தைப் பார்த்தால் சொத்தெல்லாம் கைவிட்டுப் போன கவலை. அதன் கீழ்த்தாடை நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. என் மனைவி கோமதி தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

“பொன்னுக்கு வீங்கி. கழுத்துல தங்கம் கெடந்தா வடிஞ்சிரும்.”

“மனுசனுக்குத்தானே அது?”

“ஏன், இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

நான் நாலு புத்தகம் படித்தவன். மறுத்திருக்கலாம். ஆனால் செயின் கொக்கியை மாட்டிவிட்டதே நான்தான்.

வீக்கம் வடியவில்லை. வண்ணார்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கால்நடை டாக்டர் செயினைப் பார்த்துச் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளைக்கு எப்ப முகூர்த்தம்?”

பிறகு வாயைத் திறந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. ஈறு நீலம் பாய்ந்து புடைத்திருந்தது. பற்களை எண்ணினார் – ஒன்று குறைந்தது.

மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளுத்த எலும்புக்கு நடுவே வட்டமாக ஓர் இருட்டுக் குளம். அதன் அடியில் ஒரு குட்டிப் பல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“இந்தப் பல்லு முளைக்கவே இல்ல. சுத்தி நீர் கோத்து, எலும்பைப் பையப் பையத் தின்னுக்கிட்டு இருக்கு. இன்னும் விட்டிருந்தா தாடையே முறிஞ்சிருக்கும். பல்லை எடுத்துட்டு, கட்டியோட உறையைச் சுரண்டி லேபுக்கு அனுப்பணும்.”

“கேன்சரா இருக்குமோ?” – கோமதி.

“நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது. லேப்தான் சொல்லணும்.”

ஆபரேஷன் முடியும்வரை ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தோம். தாமிரபரணி நகர்கிறதா, நிற்கிறதா என்றே தெரியாத மதியம். ஒரு கொக்கு தண்ணீரில் தன்னையே பார்த்தபடி நின்றது. முளைக்காமல் உள்ளேயே கிடப்பது, சத்தமில்லாமல் எலும்பைத் தின்னுமாமே... எனக்குள்ளும் பதினைந்து வருடமாக எழுதாத ஒரு நாவல் கிடக்கிறது. இந்நேரம் எவ்வளவு நீர் கோத்திருக்கும்?

“நான்தான் நாளைக் கடத்திட்டேன்,” என்றாள் கோமதி.

கொக்கி மாட்டிய கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஜமீனுக்குப் பத்து நாள் குழைந்த சோறு. எலும்பு வளர்ந்து பள்ளம் மூட மாதங்கள் ஆகுமாம். அது ஆகட்டும்... லேப் என்ன சொல்லும்? போன் அடிக்கும்போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நேற்றுக் காலை டாக்டர் கூப்பிட்டார். “வெறும் நீர்க்கட்டிதான் அண்ணாச்சி. இனிப் பயமில்ல.”

“ஏலே ஜமீனு!” என்று கத்தப் போனேன். கோமதி கையைப் பிடித்தாள். “பையப் பேசுங்க.”

ஜன்னல் வெயிலில் அது தூங்கிக்கொண்டிருந்தது. நாலு காலும் தரையில் கிடந்தபடியே ஓடின. கனவில் எதையோ துரத்துகிறது.

பிடித்துவிட்டு வரட்டும்... சொல்லிக்கொள்ளலாம்.