கருப்பருக்கு நின்ற கிடா எங்கள் ஆத்தா வளர்த்தது

தலைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, எங்களைப் பெற்ற ஆத்தாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கோபத்தோடுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தா பிறந்தது ஆவுடையார்கோவில் பக்கம், வாக்கப்பட்டது வல்லத்திராக்கோட்டையில். விவரம் தெரியாத வயதில் நாங்கள் இருக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியது கொஞ்சம் செம்மறிகள். மேய்ச்சல் நிலமெல்லாம் பிளாட் ஆனபின், பால் மறந்த குட்டிகளுக்குப் போட ஒன்றுமில்லை. ஆத்தா டவுனுக்குப் போய், பருப்பு மில்லில் தோலாகச் சேரும் உளுந்தம்பொட்டும் சேமியா கம்பெனியில் உடைந்ததென்று கழித்த சேமியாவும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். மூட்டையைக் கொட்டி, பூசணம் பிடித்ததைத் தூக்கி எறிந்து, மிச்சத்தை உலர்த்தித்தான் தொட்டியில் போடுவார். சேமியாவை முதலில் ஒரு பிடிதான் வைப்பார். குட்டியின் வயிறு பழகப் பழகக் கூட்டுவார். குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அந்தக் குட்டிகளால்தான் நானும் தங்கையும் காலேஜ் படித்தோம்.

இதைப் பார்த்துப் பெரியப்பாவும் சேமியா வாங்கினார். ஆத்தா சொன்ன பக்குவத்தைக் காதில் வாங்காமல், பசியில் கிடந்த குட்டிகளுக்குக் கூடையோடு கொட்டினார். வயிறு உப்பிச் செத்தன. பழி மட்டும் ஆத்தாவின் தலையில் விழுந்தது. அந்த ஆடி மாதம் கருப்பர் கோயில் கிடாவெட்டு எங்கள் வீட்டு முறை. ஆத்தா கிடாவோடு போய் நின்றபோது, பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் பெரியப்பா மறித்தார்.

"எச்சித் தீனி தின்ன கிடாவ கருப்பருக்கு நிறுத்த முடியாதுத்தா. அங்கிட்டு ஓட்டிட்டுப் போ."

ஆத்தா கிடாவை வீட்டுக்குத் திருப்பி ஓட்டி வந்தார். இதைப் படிக்கிற உங்களில் பலர் அன்று அங்கே நின்று பார்த்தவர்கள்தான்.

மறு வருடம் பெரியப்பா வீட்டு முறை. கருப்பருக்கு வெட்ட அவர் சந்தையில் கிடா வாங்கி வந்தார். அது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே ஆத்தாவிடம் போய் மடியில் மூக்கை வைத்தது. ஆத்தா அதன் காதைத் தூக்கிப் பார்த்தார். அவர் அடையாளத்துக்குப் போட்ட வெட்டு இருந்தது. முன்பு வியாபாரிக்கு விற்ற எங்கள் குட்டி. அதை வெட்டிய விருந்தில், கறி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பாராட்டி, மறு சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். வீட்டுக்கு வந்து, ஏன் சொல்லவில்லை என்று ஆத்தாவிடம் கத்தினேன்.

"சாமிக்கு வெட்டுனதுய்யா. சொன்னா எலையிலயே போட்டுட்டு எந்திரிச்சிருவாங்க" என்றார்.

அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை. வரவும் வேண்டாம்.

கடைசி மாதம் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "நம்ம கிடாவ என்னைக்காச்சும் ஏத்துக்குவாங்களாய்யா?" ஏற்றுக்கொள்வார்கள் என்றேன். உங்களைக் கேட்காமல் கொடுத்த வாக்கு அது.

உலர்ந்த பொட்டாகப் பார்த்து எடுத்துவைத்த மில் தொழிலாளர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த கால்நடை மருத்துவருக்கும், ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பங்காளிகளுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. இன்றோடு எங்கள் வீட்டுத் துக்கம் கழிகிறது. இந்த ஆடியில் மறுபடி எங்கள் முறை. பொட்டும் சேமியாவும் தின்று வளர்ந்த கிடாவைத்தான் ஓட்டி வருவேன். பெரியப்பா முன்னால் வந்து கயிற்றைத் தம் கையில் வாங்கட்டும். அதன் பிறகு சொல்கிறேன் நன்றி.

இப்படிக்கு,
மூத்த மகன்